400 சதவீதக் கோடு திரும்பி வந்துவிட்டது: 2026 ஒபாமாகேர் மானியக் கணக்கு

வரிக்குறிப்பு (இழை தொடக்கம்)

அமெரிக்காவில் மார்க்கெட்பிளேஸில் (ஒபாமாகேர் சட்டப்படி நடக்கும் மருத்துவக் காப்பீட்டுச் சந்தை) காப்பீடு வாங்கும் குடும்பங்களுக்கு 2026 ஜனவரி 1 முதல் மூன்று விதிகள் மாறியிருக்கின்றன. "மானியம் குறைந்துவிட்டது" என்று மட்டும் சொல்லிக் கடந்துபோகிறார்கள். மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் அடி எங்கே விழுகிறது என்று புரியும்.

முதலாவது வருமான வரம்பு. 2014-இல் மானியம் தொடங்கியபோது, வறுமைக்கோட்டின் 400 சதவீதத்தைத் தாண்டிய குடும்பத்துக்கு ஒன்றும் கிடையாது. 2021 மார்ச்சில் வந்த கோவிட் நிவாரணச் சட்டம் அந்த வரம்பை எடுத்துவிட்டது. எவ்வளவு சம்பாதித்தாலும், பெஞ்ச்மார்க் திட்டத்துக்கு (உங்கள் பகுதியில் இரண்டாவது மலிவான சில்வர், அதாவது நடுத்தரப் படித் திட்டம்) வருமானத்தில் 8.5 சதவீதத்துக்கு மேல் கையிலிருந்து கட்ட வேண்டாம் என்றது. 2022 ஆகஸ்டில் பணவீக்கக் குறைப்புச் சட்டம் அதை 2025 முடிவு வரை நீட்டித்தது. மேலும் நீட்டிப்பதா என்ற சண்டையில்தான் அக்டோபர் 1 முதல் நவம்பர் 12 வரை 43 நாள் மத்திய அரசு முடங்கியது. நீட்டிப்பு வராமலே டிசம்பர் 31 கடந்தது. பழைய வரம்பு மறுபடி உயிர்பெற்றுவிட்டது.

2026 காப்பீட்டுக்கு 2025-ஆம் ஆண்டு வறுமைக்கோட்டு எண்களையே எடுக்க வேண்டும். 400 சதவீதம் என்பது ஒருவருக்கு 62,600 டாலர், இருவருக்கு 84,600, மூவருக்கு 1,06,600, நால்வருக்கு 1,28,600. அலாஸ்காவுக்கும் ஹவாய்க்கும் எண்கள் தனி.

இரண்டாவது, வரம்புக்குக் கீழே இருப்பவர்களின் பங்கும் ஏறியிருக்கிறது. 150 சதவீதம் வரை சென்ற ஆண்டு பங்கு பூஜ்யம், இப்போது 2.10-இல் தொடங்கி 4.19 சதவீதம் வரை. 200 சதவீதத்தில் இருந்தவர் 2 சதவீதம் கட்டினார், இப்போது 6.60. தனி ஆள், 31,300 டாலர் வருமானம் என்றால் மாதம் 52 டாலராக இருந்தது 172 ஆகிறது. 300 முதல் 400 வரை ஒரே விகிதம், 9.96 சதவீதம்.

மூன்றாவதுதான் பலர் கவனிக்காதது. முன்பணமாக மானியம் வாங்கிவிட்டு, ஆண்டு முடிவில் வருமானம் கூடிப்போனால் திருப்பிக் கட்ட வேண்டும். 400 சதவீதத்துக்குக் கீழே இருப்பவர்களுக்கு அந்தத் தொகைக்கு ஓர் உச்சவரம்பு இருந்தது. 2025 வரிக்கணக்கில், 200-க்குக் கீழே தனி ஆளுக்கு 375 டாலர், 300-க்குக் கீழே 975, 400-க்குக் கீழே 1,625. குடும்பமாக இருந்தால் இரட்டிப்பு. 2025 ஜூலை 4-இல் கையெழுத்தான பெரிய வரிச் சட்டம், 2026 வருமானத்திலிருந்து இந்தப் பாதுகாப்பை அடியோடு நீக்கிவிட்டது. கூடுதலாக வாங்கியது எவ்வளவோ அவ்வளவும் திருப்ப வேண்டும். 2026 ஏப்ரலில் தாக்கலாகும் 2025 கணக்குக்குப் பழைய உச்சவரம்பு உண்டு. 2027 ஏப்ரலில் இல்லை.

ஆஸ்டின்_அரசு

நல்ல இழை. ஒரு கேள்வி சார். 84,600-ஐத் தாண்டி ஒரு டாலர் வந்தால் நிஜமாவே மொத்தமும் போயிடுமா, இல்ல கொஞ்சம் கொஞ்சமா குறையுமா? அப்புறம் அந்த 84,600 சம்பளமா, வரிக்குரிய வருமானமா?

வரிக்குறிப்பு

கொஞ்சம் கொஞ்சமாகக் குறையாது. மானியத்தைக் கணக்கிடும் வரிப் படிவம் 8962-இல் மற்ற சதவீதங்களுக்குப் பின்னத்தை வெட்டிவிடுவார்கள், 399.7 என்றால் 399. ஆனால் 400-ஐத் துளி தாண்டினாலும் 401 என்று எழுதச் சொல்வதுதான் அந்தப் படிவத்தின் விதி. 401 என்றால் மானியம் பூஜ்யம்.

எண்ணிக்கையில் பார்ப்போம். ஓர் ஊரில் 40 வயதுக்காரருக்கு பெஞ்ச்மார்க் பிரீமியம் மாதம் 500 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான மாநிலங்களில் வயதுக் காரணி ஒரே அட்டவணைதான்: 21 வயதுக்கு 1, 40-க்கு 1.278, 60-க்கு 2.714, 64-க்கு 3. (நியூயார்க்கிலும் வெர்மான்ட்டிலும் வயது பார்ப்பதில்லை.) அதே ஊரில் 60 வயதுக்காரருக்கு மாதம் 1,062 வரும். கணவன் மனைவி இருவருக்கும் 60 என்றால் ஆண்டுக்கு 25,488 டாலர்.

வருமானம் 84,600: அவர்கள் பங்கு 9.96 சதவீதம், 8,426 டாலர். மானியம் 17,062.
வருமானம் 84,601: மானியம் பூஜ்யம். 25,488-ஐயும் தாங்களே கட்ட வேண்டும். வருமானத்தில் 30 சதவீதம்.

அதே ஊரில் 40 வயதுத் தனி ஆள் 62,600-இல் இருந்தால், அவருடைய பங்கே 6,235, பிரீமியம் 6,000. அவருக்கு வரம்புக்குக் கீழேயும் மானியம் இல்லை, மேலேயும் இல்லை. ஆக இந்தக் கோடு வெட்டுவது பெரும்பாலும் 50 வயதைத் தாண்டி, மெடிகேருக்கு (65 வயதானவர்களுக்கான அரசுக் காப்பீடு) இன்னும் வராதவர்களை. வேலையை விட்டு முன்கூட்டியே ஓய்வு பெற்றவர்கள், சின்னக் கடை நடத்துபவர்கள், விவசாயிகள்.

எந்த வருமானம் என்ற கேள்விக்கு: வருமான வரிப் படிவம் 1040-இல் வரும் ஏஜிஐ (சரிசெய்யப்பட்ட மொத்த வருமானம்), அதோடு வரியில்லா வட்டி, சோஷியல் செக்யூரிட்டி என்ற அரசு ஓய்வூதியத்தில் வரி போடப்படாத பகுதி, வெளிநாட்டுச் சம்பள விலக்கு ஆகிய மூன்றையும் திரும்பக் கூட்டினால் கிடைப்பது. இதை மாகி என்பார்கள். நகராட்சிப் பத்திர வட்டிக்கு வரியில்லை என்று நம்பி வாங்கியவர்கள் இங்கே மாட்டிக்கொள்வார்கள். 62 வயதில் சோஷியல் செக்யூரிட்டி எடுத்தவருக்கு முழுத் தொகையும் சேரும்.

மிச்சிகன்_மீனா

இதோட ஒண்ணு சேர்த்துக்கணும். அதே ஜூலை சட்டத்துல வந்த புதுக் கழிவுகள் இருக்கே, டிப்ஸுக்கு, ஓவர்டைமுக்கு, கார் லோன் வட்டிக்கு, 65 வயசானவங்களுக்கு 6,000, இது எல்லாம் ஏஜிஐ-க்கு அப்புறம்தான் கழியும். வருமான வரி குறையும். மாகி ஒரு டாலர்கூட குறையாது. "ஓவர்டைமுக்கு வரி கிடையாது, அதனால மார்க்கெட்பிளேஸ்ல சொல்ல வேண்டாம்"னு நினைச்சு வருமானத்தைக் குறைச்சுக் காட்டிடாதீங்க. 12,000 டாலர் ஓவர்டைம் வாங்கின நர்ஸ் குடும்பத்துக்கு அந்த 12,000-மும் கணக்குல உண்டு. ஸ்டாண்டர்டு டிடக்‌ஷனும் அப்படித்தான், கோட்டுக்குக் கீழ கொண்டுவர உதவாது.

நம்ம ஆளுங்களுக்குக் குறிப்பா: என்ஆர்இ டெபாசிட் வட்டிக்கு இந்தியாவுல வரி இல்லை. இங்க உண்டு, ஏஜிஐ-லயும் சேரும். ஊர்ல வீட்டு வாடகை வந்தா அதுவும், செலவும் தேய்மானமும் போக மிச்சம் சேரும்.

கூட்டுத்தொகை

அப்படியானால் மாகியை உண்மையில் குறைப்பவை எவை என்று எழுதிவிடுகிறேன். சட்டப்படி குறைப்பதைச் சொல்கிறேன், மறைப்பதை அல்ல.

வேலையிடத்து 401(கே) (சம்பளத்தில் பிடித்துப் போடும் ஓய்வூதியச் சேமிப்பு): 2026-இல் 24,500 டாலர். 50 வயது ஆனவர்கள் இன்னும் 8,000 போடலாம். 60 முதல் 63 வரை அந்தக் கூடுதல் 11,250. ராத் 401(கே) (வரி கட்டிய பணத்தைப் போடும் வகை) போட்டால் குறையாது, பழைய வகை மட்டும்.

பழைய வகை ஐஆர்ஏ (நாமே தொடங்கும் ஓய்வூதியச் சேமிப்புக் கணக்கு): 7,500, 50 வயதுக்கு மேல் 1,100 கூடுதல். உழைப்பு வருமானம் இருக்க வேண்டும். வட்டியும் வாடகையும் மட்டும் வைத்துப் போட முடியாது. வேலையிடத்தில் ஓய்வூதியத் திட்டம் இருந்தால் கழிவுக்கு வருமான வரம்பு உண்டு, அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எச்எஸ்ஏ (மருத்துவச் செலவுக்கான வரிச்சலுகைச் சேமிப்புக் கணக்கு): தனி ஆளுக்கு 4,400, குடும்பத்துக்கு 8,750, 55 வயதுக்கு மேல் ஆளுக்கு 1,000. இதில் ஒரு நல்ல மாற்றம் வந்திருக்கிறது. 2026 ஜனவரி முதல் மார்க்கெட்பிளேஸில் உள்ள எல்லா பிரான்ஸ் (வெண்கலம், சில்வருக்குக் கீழ்ப்படி) திட்டமும் எச்எஸ்ஏ-வுக்குத் தகுதி. முன்பு அதில் சிலதுதான் தகுதி பெற்றது. எச்எஸ்ஏ-வுக்கு உழைப்பு வருமானம் தேவையில்லை, ஆகவே ஓய்வு பெற்றவர்களுக்கு இதுதான் முதல் கருவி. கணவன் மனைவி இருவருக்கும் 55 தாண்டியிருந்தால் இரண்டாவது 1,000-ஐ அவரவர் பெயரில் தனிக் கணக்கில்தான் போட வேண்டும். ஒரே கணக்கில் போட்டால் அதிகப் பங்களிப்பு என்று அபராதம் வரும். (கலிஃபோர்னியாவும் நியூஜெர்சியும் மாநில வரியில் இதை ஏற்பதில்லை. மானியக் கணக்குக்கு மத்திய ஏஜிஐ-தான், அதனால் பயன் கெடாது.)

மேலே சொன்ன 60 வயதுத் தம்பதிக்குக் கூட்டிப் பாருங்கள். வேலையிடத் திட்டம் இல்லை, உழைப்பு வருமானம் உண்டு என்றால்: எச்எஸ்ஏ 10,750, ஐஆர்ஏ இருவருக்கும் 17,200. மொத்தம் 27,950. அதாவது 1,12,550 டாலர் வரை சம்பாதிக்கும் தம்பதிகூட 84,600-க்குள் வர முடியும்.

95,000 டாலர் சம்பாதிப்பவர்கள் 10,400-ஐ ஐஆர்ஏ-விலும் எச்எஸ்ஏ-விலும் போட்டால், அவர்களுடைய பணம் அவர்களிடமே இருக்கிறது. அதற்கு மேல் 17,062 மானியமும் 12 சதவீத வரிப்படியில் 1,248 டாலர் வரிச் சேமிப்பும் கிடைக்கிறது. போட்டதைவிட வந்தது அதிகம்.

அளவு மீறியும் குறைக்காதீர்கள். மெடிகெய்டை (குறைந்த வருமானத்தினருக்கான அரசுக் காப்பீடு) விரிவாக்கிய மாநிலத்தில் 138 சதவீதத்துக்குக் கீழே போனால் பெரியவர்கள் மெடிகெய்டுக்குத் தள்ளப்படுவார்கள். குழந்தைகளுக்கு அதைவிட மேலேயே சிப் என்ற அரசுக் காப்பீட்டுத் திட்டம் தொடங்கிவிடும், அவர்களுக்கு மார்க்கெட்பிளேஸ் மானியம் கிடைக்காது. டெக்சாஸ், ஃப்ளோரிடா போன்ற விரிவாக்காத மாநிலங்களில் 100 சதவீதத்துக்குக் கீழே போனால் இரண்டும் இல்லாத பள்ளம்.

நடுநிலை_நாகை

கணக்கில் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் "பறித்துவிட்டார்கள்" என்ற தொனியில் பேசும்போது சில விஷயங்கள் விடுபடுகின்றன. 400 சதவீத வரம்பு 2010-இல் ஒபாமா கையெழுத்திட்ட மூலச் சட்டத்திலேயே இருந்தது. 2021-இல் வந்தது கோவிட் காலத் தற்காலிக உதவி. அதை நிரந்தரமாக்கினால் பத்தாண்டில் சுமார் 35,000 கோடி டாலர் செலவு என்று நாடாளுமன்ற நிதிநிலை அலுவலகம் மதிப்பிட்டது. பூஜ்ய பிரீமியம் இருந்தபோது ஆட்களுக்கே தெரியாமல் தரகர்கள் பெயரைப் பதிவு செய்ததும் நடந்தது. பிரீமியம் ஏறினால் அரசு தாங்கும் என்ற நிலையில் காப்பீட்டு நிறுவனங்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் விலையைக் குறைக்க என்ன அவசரம்? மூலக் காரணம் மருத்துவ விலை. அதைத் தொடாமல் மானியத்தை மட்டும் பேசுவது சரியா?

வரிக்குறிப்பு

மருத்துவ விலைதான் வேர் என்பதில் உடன்படுகிறேன். பூஜ்ய பிரீமிய மோசடியும் உண்மை. அதைத் தரகர் உரிமத்திலும் அடையாளச் சரிபார்ப்பிலும் பிடிக்க வேண்டும். ஆனால் 2010-இல் இருந்தது என்பதால் ஒரு விதி நல்ல விதி ஆகிவிடாது. ஒரு டாலருக்கு 17,000 டாலர் அபராதம் போடும் வரிச்சட்டம் வேறெங்கும் ஏற்கப்படாது. குழந்தை வரிக்கழிவு வருமானம் ஏற ஏறப் படிப்படியாகக் கரைகிறது, திடீரென்று அறுந்து விழுவதில்லை. இங்கும் 400-க்கு மேல் ஒரு சரிவு வைத்து, செலவையும் கட்டுப்படுத்தியிருக்கலாம். "முழுவதும் தொடரட்டும்", "முழுவதும் போகட்டும்" என்ற இரண்டுக்கும் நடுவே அந்த வழி இருந்தது.

யாரைப் பாதிக்கிறது என்பதையும் மறக்கக் கூடாது. 2021-இல் 1.2 கோடியாக இருந்த பதிவு 2025-இல் 2.4 கோடியைத் தாண்டியது. மானியம் பெறுபவர்கள் சராசரியாகக் கையிலிருந்து கட்டும் தொகை ஆண்டுக்கு 888 டாலரிலிருந்து 1,904 ஆகும் என்று கேஎஃப்எஃப் என்ற சுகாதார ஆய்வு அமைப்பு கணக்கிட்டது. இரண்டு மடங்குக்கும் மேல். உடல்நலம் நன்றாக இருப்பவர்கள் முதலில் விலகுவார்கள், மிஞ்சுபவர்களின் சராசரிச் செலவு ஏறும், அது அடுத்த ஆண்டு பிரீமியத்தில் வரும். மானியமே வாங்காமல் முழு விலை கட்டுபவரும் அதைத் தாங்க வேண்டும்.

நடுநிலை_நாகை

சரிவு வைத்திருந்தால் நானும் ஆதரித்திருப்பேன். அந்த இடத்தில் நமக்குள் வேறுபாடு இல்லை. மாநிலங்கள் ஏதாவது ஈடு செய்கின்றனவா?

மிச்சிகன்_மீனா

சிலது செய்யுது. நியூ மெக்சிகோ தன் சொந்த நிதியிலிருந்து போனதை ஈடுகட்டுது. கலிஃபோர்னியா 19 கோடி டாலர் ஒதுக்கியிருக்கு, ஆனா 165 சதவீதம் வரைக்கும்தான், அதனால 400 கோட்டுல நிக்கறவங்களுக்கு உதவாது. மத்திய அரசோட இணையதளமான ஹெல்த்கேர் டாட் கவ் வழியா நடக்குற பெரும்பாலான மாநிலத்துல ஈடு எதுவும் இல்லை.

ஆஸ்டின்_அரசு

கையில கட்டுறது ஏறிட்டதால எல்லாரும் பிரான்ஸுக்கு ஓடுறாங்க. அது சரியான முடிவா?

கூட்டுத்தொகை

வருமானத்தைப் பொறுத்தது. 200 சதவீதத்துக்குக் கீழே இருப்பவர் பிரான்ஸ் எடுப்பது பெரும்பாலும் தவறு. காரணம், 250 சதவீதம் வரை செலவுப்பங்குக் குறைப்பு (சிகிச்சையின்போது நாம் கட்டும் பங்கைக் குறைப்பது) என்று தனியாக ஒன்று உண்டு. அது சில்வரில் மட்டும்தான் ஒட்டும். 150 வரை அந்த சில்வர் சராசரியாக 94 சதவீதச் செலவைத் தாங்கும், 200 வரை 87, 250 வரை 73. பிரான்ஸ் சுமார் 60. மாதம் 80 டாலர் மிச்சம் பிடித்துவிட்டு, ஓர் அப்பண்டிக்ஸ் அறுவைக்கு 7,000 டாலர் டிடக்டிபிள் (காப்பீடு கொடுக்கத் தொடங்கும் முன் நாமே கட்டும் தொகை) கட்டினால் அது சேமிப்பு அல்ல. இந்தக் குறைப்பு இந்த ஆண்டும் தொடர்கிறது, காலாவதியானது பிரீமிய மானியத்தின் கூடுதல் பகுதி மட்டுமே.

200-க்கு மேல் கதை மாறும். 2017 அக்டோபரில் இந்தக் குறைப்புக்கு மத்திய அரசு நிறுவனங்களுக்குக் கொடுத்துவந்த பணத்தை நிறுத்தியது. நிறுவனங்கள் அந்தச் செலவை சில்வர் விலையில் ஏற்றின. பெஞ்ச்மார்க்கே சில்வர் என்பதால் மானியமும் கூடவே ஏறியது. அதன் விளைவாக டெக்சாஸில் பல கவுன்டிகளில் கோல்டு திட்டம் சில்வரைவிட மலிவாகக் கிடைக்கிறது. 250-க்கு மேல் இருந்துகொண்டு சில்வரைத் தானாகப் புதுப்பிப்பவர்கள் ஒருமுறை கோல்டு விலையைப் பார்த்துவிட வேண்டும்.

400-க்கு அருகில் இருப்பவருக்குத்தான் பிரான்ஸும் எச்எஸ்ஏ-வும் சேர்ந்து வேலை செய்யும்.

டல்லாஸ்_தேனி

பெற்றோரைக் கிரீன் கார்டில் அழைத்துவந்த குடும்பங்கள் நிறைய. அவர்களுக்கு இதில் என்ன மாற்றம்? மெடிகேர் ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகுதான் என்பதால் மார்க்கெட்பிளேஸில் குறைந்த விலைக்குக் கிடைத்துவந்தது.

வரிக்குறிப்பு

இவர்களுக்கு விழுந்த அடி 400 கோட்டில் அல்ல, 100 கோட்டில். முன்பு ஒரு தனி விதி இருந்தது: சட்டப்படி வசிப்பவர், குடியேற்ற நிலை காரணமாக மெடிகெய்டு கிடைக்காதவர் என்றால், வருமானம் 100 சதவீதத்துக்குக் கீழே இருந்தாலும் மானியம் உண்டு. வருமானமே இல்லாத பெற்றோர் அதன் வழியாகத்தான் பெரிய மானியம் பெற்றார்கள். ஜூலை சட்டம் அந்த விதியை 2026 முதல் நீக்கிவிட்டது.

மிஞ்சியிருப்பவை இரண்டு வழிகள், இரண்டிலும் முள் இருக்கிறது.

ஒன்று, பெற்றோர் தாங்களே வரி தாக்கல் செய்து 100 சதவீதத்துக்கு மேல் வருமானம் காட்டுவது. இருவருக்கு 21,150 டாலர். ரூபாயில் 18 லட்சத்துக்கு மேல். கிரீன் கார்டு உள்ளவர் உலக வருமானம் முழுவதையும் இங்கே காட்ட வேண்டும் என்பதால் இந்திய ஓய்வூதியம், வங்கி வட்டி, வாடகை எல்லாம் கணக்கில் வரும். உண்மையிலேயே இருந்தால் காட்டுங்கள். இல்லாததை மதிப்பீடாக எழுதிவிடலாம் என்று சில தரகர்கள் சொல்வதைக் கேட்காதீர்கள். அது வேண்டுமென்றே தவறான தகவல் கொடுத்ததாகும்.

இரண்டு, மகனோ மகளோ அவர்களைச் சார்ந்தவர்களாகக் காட்டுவது. அப்போது குடும்ப எண்ணிக்கை கூடும், வருமானமும் குடும்பத்தோடு சேரும். தம்பதி, ஒரு குழந்தை, பெற்றோர் இருவர் என ஐந்து பேருக்கு 400 சதவீதம் 1,50,600 டாலர். அதற்குள் இருந்தால் பெற்றோரின் திட்டத்துக்கு மானியம் கிடைக்கும். அந்த வயதில் காரணி 3 என்பதால் வருமானம் உச்சியில் இருந்தாலும் கணிசமாகவே மிஞ்சும். ஆனால் ஐடி சம்பளம் இரண்டு இருக்கும் வீட்டில் இந்த வரம்பு பெரும்பாலும் தாண்டிவிடும். பெற்றோருக்குச் சொந்த வருமானம் சில ஆயிரம் டாலரைத் தாண்டினால் சார்ந்தவர் தகுதியே போய்விடும். ஊர் ஓய்வூதியம் இங்கேயும் இடறும்.

ஐந்து ஆண்டு முடிந்த 65 வயதுக்காரர் மெடிகேரை விலை கொடுத்து வாங்கலாம். 2026-இல் பகுதி ஏ (மருத்துவமனைச் செலவு) மாதம் 565, பகுதி பி (டாக்டர் செலவு) 202.90, ஆளுக்கு 767.90 டாலர். மார்க்கெட்பிளேஸில் மானியம் இல்லாமல் கட்டுவதைவிட இது பல ஊர்களில் மலிவு. பகுதி பி-யில் சேரத் தாமதித்தால் ஒவ்வொரு 12 மாதத்துக்கும் 10 சதவீத அபராதம் வாழ்நாள் முழுக்க ஒட்டிக்கொள்ளும்.

மிச்சிகன்_மீனா

விசாக்காரங்களுக்கும் ஒரு எச்சரிக்கை. 2027-லேர்ந்து கிரீன் கார்டு, கியூபா-ஹெய்ட்டி பிரிவு, பசிபிக் தீவு ஒப்பந்த நாடுகள், இவங்களுக்கு மட்டும்தான் மானியம். எச்-1பி, எச்-4, எஃப்-1, கிரீன் கார்டுக்கு விண்ணப்பிச்சிட்டு காத்திருக்கறவங்க, அகதிகள், எல்லாரும் வெளிய. முழு விலைக்கு வாங்கலாம், மானியம் வராது. வேலை போனா 2026-ல இருக்குற வழி 2027-ல இருக்காது.

டல்லாஸ்_தேனி

வேலை போன குடும்பத்துக்கு இந்த ஆண்டு எப்படிக் கணக்குப் போடுவது? கோப்ரா (பழைய வேலையிடக் காப்பீட்டை நாமே பணம் கட்டித் தொடர்வது) எடுப்பதா, மார்க்கெட்பிளேஸா?

கூட்டுத்தொகை

மானியம் ஆண்டு வருமானத்தைப் பார்க்கிறது, வேலை போன பிறகு உள்ள மாதங்களை மட்டும் அல்ல. இதைத்தான் அதிகம் பேர் தவறவிடுகிறார்கள். நால்வர் குடும்பம், ஜூன் 30-இல் வேலை போகிறது. அதுவரை சம்பளம் 1,00,000, விடுப்புக்கு ஈடு 8,000, செவரன்ஸ் (வேலைநீக்க ஈட்டுத்தொகை) 25,000. மொத்தம் 1,33,000. 1,28,600-ஐ 4,400 தாண்டிவிட்டது. வேலையின்மை உதவித்தொகை வந்தால் அதுவும் சேரும், நிறுவனம் கொடுத்த ஸ்டாக் கைக்கு வந்தால் அதுவும்.

இங்கே எச்எஸ்ஏ-வின் கடைசி மாத விதி கைகொடுக்கும். ஜூலையில் பிரான்ஸ் திட்டத்தில் சேர்ந்து டிசம்பர் 1-ஆம் தேதி தகுதியோடு இருந்தால், ஆண்டு முழுமைக்குமான 8,750-ஐப் போடலாம். வருமானம் 1,24,250 ஆகிவிடும். பெரியவர்கள் 40 வயது, பெஞ்ச்மார்க் 500 டாலர் ஊர் என்றால் நால்வருக்கும் மாதம் ஏறத்தாழ 1,598; பங்கு 1,031; மானியம் 567. ஆறு மாதத்துக்கு 3,402 டாலர். நிபந்தனை: அடுத்த ஆண்டு டிசம்பர் 31 வரை எச்எஸ்ஏ-வுக்குத் தகுதியான திட்டத்தில் தொடர வேண்டும். ஜனவரியில் புது வேலை கிடைத்து சாதாரண பிபிஓ திட்டத்தில் சேர்ந்தால், உரிய மாதங்களுக்கு மேல் போட்ட தொகைக்கு வரியும் 10 சதவீத அபராதமும் உண்டு. வேலை தேடுபவர் இதை யோசித்துத்தான் செய்ய வேண்டும்.

கோப்ரா: முழு பிரீமியமும் அதற்கு மேல் 2 சதவீதமும், அதாவது 102 சதவீதம். முடிவு செய்ய 60 நாள், முதல் பணம் கட்ட அதிலிருந்து 45 நாள்; எடுத்தால் முதல் நாளிலிருந்தே செல்லும். அந்த ஆண்டு டிடக்டிபிளை ஏற்கெனவே முடித்தவருக்கும், நடுவில் சிகிச்சையில் இருப்பவருக்கும் இதுவே நல்லது. மற்றவர்கள் 60 நாளுக்குள் மார்க்கெட்பிளேஸில் சேர்ந்துவிட வேண்டும். கோப்ரா எடுத்துச் சில மாதம் கழித்து, விலை தாங்கவில்லை என்று நிறுத்தினால் அது சிறப்புச் சேர்க்கைக்குக் காரணம் ஆகாது. நவம்பர் வரை காத்திருக்க வேண்டும். அடுத்த சேர்க்கைக் காலமும் சுருங்குகிறது: 2027 திட்டங்களுக்கு ஹெல்த்கேர் டாட் கவ் மாநிலங்களில் நவம்பர் 1 முதல் டிசம்பர் 15 வரைதான். ஜனவரி 15 என்ற பழைய நினைப்பில் இருக்காதீர்கள்.

ஆஸ்டின்_அரசு

கடைசியா ஒண்ணு. வருமானத்தை 80,000-னு மதிப்பிட்டு முன்பணம் வாங்கிட்டு வந்து, டிசம்பர்ல மியூச்சுவல் ஃபண்ட் லாபம் திடீர்னு 6,000 கொடுத்துட்டா? அதை நம்ம கையில நிறுத்த முடியாதே.

வரிக்குறிப்பு

இதுதான் இந்த ஆண்டில் அதிகம் நடக்கப்போகும் விபத்து. அதே 60 வயதுத் தம்பதியை எடுத்தால், 80,000-க்கு வாங்கிய முன்பணம் 17,520. முடிவில் 86,000. உச்சவரம்பு இல்லை, ஆகவே 17,520-உம் திருப்பிக் கட்ட வேண்டும்.

மீட்பு வழி ஆண்டு முடிந்த பிறகும் திறந்திருக்கிறது. 2026-க்கான ஐஆர்ஏ-வும் எச்எஸ்ஏ-வும் 2027 ஏப்ரல் 15 வரை போடலாம். பிப்ரவரியில் வட்டி, லாப விவரம் சொல்லும் 1099 படிவங்கள் எல்லாம் வந்த பிறகு கணக்குப் போட்டு, 1,400 டாலரைச் செலுத்தினால் 84,600. மானியம் 17,062-க்கு இறங்கும். திருப்பவேண்டியது 458 டாலர். செலுத்தும்போது "2026 ஆண்டுக்கு" என்று நிறுவனத்திடம் குறிப்பிட வேண்டும். சொல்லாவிட்டால் நடப்பு ஆண்டில் பதிவாகிவிடும், மாற்றுவதற்குள் தேதி கடந்துவிடும். எச்எஸ்ஏ-வுக்குத் தகுதியான மாதங்கள் 2026-இலேயே இருந்திருக்க வேண்டும், அதை மார்ச்சில் உருவாக்க முடியாது. அதனால்தான் கோட்டருகே இருப்பவர் பிரான்ஸில் இருப்பது ஒரு கைப்பிடி. எல்லையை டாலர் பிசகாமல் தொடாதீர்கள், சில நூறு டாலர் கீழே நில்லுங்கள். திருத்திய 1099 மார்ச்சில் வருவது சாதாரணம்.

மீட்க முடியாதது ராத் மாற்றம். பழைய ஐஆர்ஏ-விலிருந்து ராத்துக்கு மாற்றியதை 2018 முதல் திரும்பப் பெற முடியாது. மானியம் வாங்கும் ஆண்டில் அதை டிசம்பர் கடைசி வாரம் வரை தள்ளி வைத்து, எவ்வளவு இடம் இருக்கிறது என்று பார்த்தே செய்ய வேண்டும்.

இன்னொன்று, கணவன் மனைவி தனித்தனியாகத் தாக்கல் செய்தால், வன்முறை, கைவிடப்படுதல் போன்ற விதிவிலக்கு தவிர, மானியமே கிடையாது. மாணவர் கடன் தவணையைக் குறைப்பதற்காகத் தனித்தனியாகப் போடுபவர்கள் இதில் விழுகிறார்கள்.

டல்லாஸ்_தேனி

ஆண்டின் நடுவே வருமானம் கூடுவது தெரிந்தால் உடனே மார்க்கெட்பிளேஸில் மாற்ற வேண்டுமா, இல்லை ஏப்ரலில் பார்த்துக்கொள்ளலாமா?

மிச்சிகன்_மீனா

30 நாளுக்குள்ள மாத்தணும், அதுதான் விதி. முன்ன உச்சவரம்பு இருந்ததால ஏப்ரல்ல பாத்துக்கலாம்னு விட்டவங்க தப்பிச்சாங்க, இனிமே அது கடன். கணக்கை மாத்தினதும் புது மானியத் தொகை எந்த மாசத்துலேர்ந்து அமலாகுதுன்னு உறுதிக் கடிதத்தை எடுத்து வெச்சுக்கோங்க. ஜனவரில மார்க்கெட்பிளேஸ் அனுப்புற 1095-ஏ படிவத்துல மாச வாரியா மூணு பத்தி இருக்கும்: பிரீமியம், பெஞ்ச்மார்க், முன்பணம். நடுவுல குழந்தை பிறந்தாலோ கவுன்டி மாறினாலோ நடுப்பத்தி தப்பா வரும், சில சமயம் பூஜ்யமாவே வரும். அதை அப்படியே 8962-ல ஏத்தினா மானியம் குறைஞ்சு கடன் கூடும். ஹெல்த்கேர் டாட் கவ்-லயே பெஞ்ச்மார்க் தேடுற கருவி இருக்கு, வயசும் ஜிப் கோடும் போட்டா சரியான எண் வரும். தப்பா இருந்தா திருத்தின 1095-ஏ கேளுங்க, அது வர்ற வரைக்கும் தாக்கல் பண்ணாதீங்க.